சின்னப் பசங்கள வெளிய கூட்டிட்டுப் போய் பலவிதமான மனுஷங்களப் பத்தி சொல்லிக்குடுக்கறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் சென்னைல ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ் டீச்சர். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ பசங்கள குருத்வாரா (சீக்கியரோட கோயில்), மசூதி, சர்ச், பழைய வீடு, கடத்தெருன்னு எங்கயாவது கூட்டிட்டுப் போறது என் தலைல விழுந்த வேலை, இப்ப அதுவே பிடிச்சும் போச்சு. மத்த ஸ்கூல் டீச்சருங்க, பேரண்ட்ஸ் எல்லாரும் வாட்ஸ்அப்ல ஒரே கேள்விய மாத்தி மாத்தி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்ட கட்டுனதுதான் மிச்சம். அதான் எல்லாத்தையும் இங்க எழுதி வச்சிட்டேன்.

புக்குலயே படம் இருக்கே, எதுக்கு வேன் வச்சு கூட்டிட்டுப் போகணும்?

படத்துல சீக்கியர்னா தலப்பா, முஸ்லிம்னா தொப்பி, கிறிஸ்டியன்னா கழுத்துல சிலுவ. நாலு பேரும் கைகோத்து சிரிச்சுட்டு நிப்பாங்க. ஆனா அவங்க யாரும் நம்ம பசங்ககிட்ட "உன் பேரென்னப்பா, சாப்டியா"ன்னு கேக்க மாட்டாங்க. அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் போறேன், சத்தியமா வேற பெரிய தத்துவம்லாம் இல்ல.

எத்தன வயசுல ஆரம்பிக்கலாம்? யுகேஜிக்கு என்ன புரியும்?

மதம், மொழி, நாடு இதெல்லாம் புரியாது. ஆனா நம்ம வீட்ல செய்யாத ஒண்ண இன்னொருத்தர் செஞ்சா மூணு வயசுப் பிள்ளைக்கே கண்ணுல படும், "அந்த ஆன்ட்டி ஏன் கருப்பு டிரஸ் போட்டு மூடியிருக்காங்க"ன்னு பஸ்ல சத்தமா கேட்டு நம்மள நெளிய வைக்குமே, அப்பவே அது ஆரம்பிச்சாச்சு. நாம "ஷ்ஷ்"னு வாய மூடினா, ஏதோ தப்பான விஷயம் போலன்னு அது முடிவு பண்ணிக்கும். யுகேஜிக்கு நடந்து போற தூரத்துல ஒரே இடம், முக்கா மணி நேரம் போதும். ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து வேன்ல போகலாம்.

ஒரே நாள்ல கோயில், மசூதி, சர்ச் மூணும் பாத்துடலாமா? வேன் வாடக மிச்சம்.

வேணாம். கேட்டுக்கோங்க, நானே பட்டிருக்கேன். முன்ன வேல பாத்த ஒரு ஸ்கூல்ல எழுபது பசங்கள ரெண்டு பஸ்ல ஏத்தி காலைல எட்டரைலேர்ந்து மூணு மணிக்குள்ள நாலு மதத்துக்கும் நாலு இடம்னு ஓட ஓட காட்டினோம், செருப்ப கழட்டு, மாட்டு, லைன்ல நில்லு, எண்ணு, ஏறு, எறங்கு, திரும்ப கழட்டு. மறுநாள் கிளாஸ்ல "நேத்து என்னடா பாத்தீங்க"ன்னு கேட்டேன். ஒருத்தன் "ஆடு"ன்னான். எல்லாரும் ஆமா ஆமா ஆடுன்னு கத்துனாங்க. எந்த இடத்துல ஆடு இருந்துச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு ஒரே இடம்தான், அதுலயும் பசங்க கையால செய்ய ஒரு வேலை இருக்கணும், பேர் சொல்லிப் பேச ஒரு மனுஷர் இருக்கணும். இது ரெண்டும் இல்லாத இடத்துக்கு நான் போறதே இல்ல. வண்டலூர் ஜூவுக்குப் போற மாதிரி போகக்கூடாது, ஒருத்தர் வீட்டுக்கு விருந்துக்குப் போற மாதிரி போகணும். கூப்பிட்டாதான் போகணும், கையில ஏதாவது கொண்டு போகணும், குடுத்தத மரியாதையா வாங்கிக்கணும், வரும்போது சொல்லிட்டு வரணும், அப்புறம் அவங்கள நம்ம வீட்டுக்குக் கூப்பிடணும்.

இதுக்கு ஆராய்ச்சி ஆதாரம் கேக்குற பிரின்சிபால் இருந்தா, கோர்டன் ஆல்போர்ட்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1954லயே சொன்னத சொல்லுங்க: வேற வேற கூட்டத்து ஆளுங்க சும்மா பக்கத்துல பக்கத்துல நின்னா மட்டும் பத்தாது, சமமா இருக்கணும், ஒரே வேலைய சேர்ந்து செய்யணும், பெரியவங்க ஆதரவும் இருக்கணும், அப்பதான் தப்பெண்ணம் குறையும்னு. பஸ் ஜன்னல்லேர்ந்து பாக்கறதுல இது எதுவும் நடக்காதுல்ல.

போறதுக்கு முன்னாடி கிளாஸ்ல என்ன செய்யணும்?

முதல்ல உங்க கிளாஸ்லயே யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. நான் கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணு, "உங்க அம்மாவோட அம்மாவ எப்படிக் கூப்பிடுவீங்க?" அம்மாச்சி, அம்மம்மா, ஆச்சி, அம்மாயி, நன்னி, நானி, அவ்வா, அஜ்ஜி, பாட்டின்னு போர்டு நிறைஞ்சிடும். முப்பது பேர் இருக்கற கிளாஸ்ல எட்டு ஒம்போது பேராவது தேறும். "ஏய் உங்க பாட்டி அவ்வாவா"ன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிப்பாங்க, சிரிக்கட்டும், அது நல்ல சிரிப்பு. வீட்ல உருது பேசுறவன், சௌராஷ்ட்ரா பேசுறவ, வாட்ச்மேன் அண்ணன் பையன் நேபாளி பேசுறவன் எல்லாம் அன்னைக்குத்தான் மொத தடவ வாயத் தொறப்பாங்க. நம்ம கிளாஸே பல வீட்டுப் பிள்ளைங்கதான்னு தெரிஞ்சப்புறம் வெளிய போனா "அவங்க - நாம"ன்னு ரெண்டா பிரிச்சுப் பாக்கற பேச்சு பாதியா குறைஞ்சிடும்.

அப்புறம் சாப்பாட்டு ரிகர்சல். சிரிக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். தெரியாத பண்டத்த யாராவது நீட்டினா "உவ்வே" சொல்லக்கூடாது, "வேணாங்க, எனக்குப் பழக்கமில்ல"ன்னு சொல்லணும். ரெண்டு நாள் ஸ்நாக்ஸ் டைம்ல இத நாடகம் மாதிரி போட்டுப் பழக்குவேன், நான் கிழவியா நடிச்சு பாகற்காய நீட்டுவேன்.

சென்னைல எங்க போகலாம்?

எனக்கு ரொம்ப பிடிச்சது தி.நகர் ஜி.என். செட்டி ரோட்டுல இருக்கற குருத்வாரா. முன்கூட்டியே பேசிட்டுத்தான் போகணும். உள்ள நுழையறப்ப எல்லாருக்கும் தலைல துணி இருக்கணும், ஆளுக்கொரு பெரிய கர்ச்சீப் கொண்டு வரச் சொல்லிடுவேன். ஒரு தடவ ஒரு பையன் கர்ச்சீப் மறந்துட்டு வந்து உதட்டப் பிதுக்கிட்டு நின்னான், அங்க சேவை செய்யற பெரியவர் ஒருத்தர் ஆரஞ்சுத் துணி ஒண்ண எடுத்து அவன் தலைல கட்டி பின்னாடி முடிச்சுப் போட்டு விட்டார். இவன் சும்மா இல்லாம "தாத்தா உங்களுக்குத் தலைவலியா, இவ்ளோ பெருசா கட்டியிருக்கீங்க"ன்னு கேட்டான். எனக்கு மூச்சே நின்னுடுச்சு. அவர் கடகடன்னு சிரிச்சு, நல்ல மெட்ராஸ் தமிழ்ல, "இல்லடா கண்ணு, நாங்க முடி வெட்டுறதில்ல, இவ்ளோ நீளம் இருக்கு, அத அழகா சுத்தி வக்கணும்ல"ன்னு கையால அளந்து காட்டுனார். எத்தன மீட்டர் துணி, தினம் யார் கட்டிவிடுவா, தூங்கறப்ப என்ன பண்ணுவீங்கன்னு அடுத்தடுத்து கேள்வி. அப்புறம் லங்கர்ல, அதான் அங்க எல்லாருக்கும் இலவசமா சாப்பாடு போடுற இடத்துல, எல்லாரும் தரைல வரிசையா உக்காந்தோம், ரொட்டிய ரெண்டு கையையும் ஏந்தித்தான் வாங்கணும்னு அவரே சொல்லிக்குடுத்தார், முதலாளி வந்தாலும் டிரைவர் வந்தாலும் இதே தரை இதே தட்டுன்னும் சொன்னார். எங்க வேன் டிரைவர் அண்ணனும் பசங்க நடுவுல உக்காந்து சாப்பிட்டார், அத பசங்க கவனிச்சாங்க. சாப்பிட்டு முடிச்சு ஸ்பூன் எல்லாம் பொறுக்கி தொட்டில போடுற வேலை எங்க கிளாஸுக்கு. அதுல ஒரு சண்ட கூட வந்துச்சு, யார் நிறைய ஸ்பூன் எடுத்தான்னு.

அடுத்தது பாரிஸ் கார்னர் பக்கம் ஆர்மீனியன் சர்ச். அந்தத் தெருவோட பேரே ஆர்மீனியன் தெரு, நம்ம ஊர் வாய்ல அது அரண்மனைக்காரன் தெரு ஆயிடுச்சு, இத சொன்னா பெரியவங்களுக்கே குஷி. மேற்கு ஆசியா பக்கத்துலேர்ந்து அந்தக் காலத்துல வியாபாரத்துக்கு வந்த ஆர்மீனியர்கள் 1712ல கட்டி 1772ல திரும்பக் கட்டுன சர்ச், மணிக்கூண்டுல ஆறு பெரிய மணி. இப்ப ஊர்ல ஆர்மீனியர் சமூகம்னு ஒண்ணு இல்ல. முற்றம் முழுக்க தரைல கல்லறைக் கல், அதுல புரியாத எழுத்து. உலகத்துல ஆர்மீனிய மொழில வந்த முதல் பத்திரிகை 'அஸ்தரார்' 1794ல இந்த மெட்ராஸ்லதான் அச்சாச்சு, அத நடத்துன பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மாவோனியனையும் இங்கதான் பொதச்சிருக்காங்க. சின்னப் பசங்களுக்கு பத்திரிகை கதையெல்லாம் ஏறாது. பாலம் ஏறும்! சைதாப்பேட்டைல அடையாத்து மேல 1726ல மொத பாலத்தக் கட்டுனவர் பெட்ரஸ் உஸ்கான்னு ஒரு ஆர்மீனிய வியாபாரி, பரங்கிமலைக்குப் படி கட்டுனவரும் அவரே. இப்ப இருக்கறது புதுப் பாலம், மறைமலையடிகள் பாலம், ஆனா அதே இடம். எங்க வேன்ல பாதிப் பேர் தினம் அந்த வழியாத்தான் வர்றாங்க. "மிஸ், அவர் ஏன் மிஸ் நம்ம ஊருக்குப் பாலம் கட்டுனாரு"ன்னு ஒரு குட்டி கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள இன்னொருத்தி "அவரும் அந்தப் பக்கம் போகணும்ல"ன்னா.

முட்டுக்காடு தக்ஷிணசித்ரா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், 1996ல தொறந்தது. தென்னிந்தியா முழுக்க வெவ்வேற ஊர்லேர்ந்து பழைய வீடுகள அக்கக்கா கழட்டிக் கொண்டுவந்து திரும்ப மாட்டியிருக்காங்க, செட்டிநாட்டு வீடு, கேரளா சிரியன் கிறிஸ்டியன் வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடுன்னு. செவ்வாய்க்கெழம லீவு, போய் வாசல்ல நிக்காதீங்க. எல்லா வீட்டையும் பாக்கணும்னு ஆசப்படாதீங்க, ரெண்டு வீடு போதும். திண்ணைல உக்கார வச்சு, முன்னாடி வழில போற யாரோ ஒருத்தர் கூட இங்க படுத்துத் தூங்கிட்டுப் போவார்னு சொல்லுங்க, ஃப்ளாட்ல வளர்ற பசங்க நம்பவே மாட்டாங்க. பானை செய்யற இடத்துல ஒரு மணி நேரம் விட்டுடுங்க.

திருவல்லிக்கேணி பெரிய மசூதி, அதான் வாலாஜா மசூதி, 1795ல கட்டுனது. ரமலான் மாசம் அங்க சாயங்காலம் நோன்பு தொறக்க சாப்பாடு பரிமாறுறது யார் தெரியுமா, மயிலாப்பூர் சூஃபிதார் கோயில்லேர்ந்து வர்ற சிந்தி இந்துக்கள். பிரிவினை சமயத்துல சிந்துலேர்ந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த குடும்பங்க, பல வருஷமா இத செய்றாங்க. அந்த நேரம் கூட்டம் ஜாஸ்தி, அம்பது பொடிசுங்கள கூட்டிட்டுப் போற இடம் இல்ல, அதனால நாங்க காலைல பதினோரு மணிக்குள்ள போய்ட்டு வந்து, இந்தக் கதைய கிளாஸ்ல சொல்லி, ஒரு அம்மா அனுப்புன நோன்புக் கஞ்சிய ஆளுக்கு அர டம்ளர் குடிச்சோம். பூண்டு, வெந்தயம், தேங்காப்பால்லாம் போட்டது. ரெண்டு பேர் "பழக்கமில்லங்க" சொன்னாங்க, மத்தவங்க ரெண்டாவது டம்ளர் கேட்டாங்க. வெள்ளிக்கெழம மதியம் எந்த மசூதிக்கும் போகாதீங்க, தொழுகைக் கூட்டம் இருக்கும்.

சில இடத்துல உள்ளயே விட மாட்டாங்களே?

ஆமா. ராயபுரத்துல பார்சிக்காரங்களோட, அதான் ரொம்ப காலத்துக்கு முன்ன ஈரான் பக்கத்துலேர்ந்து வந்தவங்களோட, அக்னி கோயில் இருக்கு, 1910லேர்ந்து. பார்சி இல்லாதவங்க உள்ள போக முடியாது. வெளில நின்னு பாத்துட்டு, "இது அவங்க வீட்டு பூஜரூம் மாதிரி, எல்லாருக்கும் தொறக்க மாட்டாங்க"ன்னு சொன்னா பசங்க ஈசியா ஏத்துக்கறாங்க. பெரியவங்களுக்குத்தான் கோவம் வருது.

ஆனா இதுல ஒரு சிக்கல் கவனிங்க. பல பெரிய கோயில்கள்ல இந்து அல்லாதோர் கொடிமரம் தாண்டக்கூடாதுன்னு போர்டு இருக்கும். உங்க கிளாஸ்ல ஒரு ஃபாத்திமாவும் ஒரு ஜோசப்பும் இருந்தா, அவங்க ரெண்டு பேரையும் ஆயாகூட வெளில நிறுத்திட்டு மத்தவங்க உள்ள போறதுன்னா அந்த ட்ரிப்பே வேணாம். பலவித மக்களப் பத்தி சொல்லிக்குடுக்கப் போய் ரெண்டு பிள்ளைய வாசல்ல நிக்க வச்ச மாதிரி ஆயிடும். நாங்க மயிலாப்பூர் போனா குளம், மாடவீதி, பூக்கட்டுற அக்கா, பாத்திரக்கடன்னு வெளியவே சுத்துவோம். பூக்கட்டக் கத்துக்கறதுல யாருக்கும் தட இல்ல.

"என் பிள்ளைய எதுக்கு அங்கெல்லாம் கூட்டிட்டுப் போறீங்க"ன்னு பேரண்ட்ஸ் சண்டைக்கு வந்தா?

வருவாங்க. எல்லா பக்கத்துலேர்ந்தும் வருவாங்க, மசூதிக்கு மட்டும்தான் எதிர்ப்பு வரும்னு நெனக்காதீங்க, கோயில் பிரசாதம் வேணாம்னும் வரும், சர்ச் வேணாம்னும் வரும். கோவப்படாம மூணு விஷயத்த பேரண்ட்ஸ் கையெழுத்துப் போடுற பெர்மிஷன் ஸ்லிப்புலயே எழுதிடுங்க: யாரையும் கும்பிடச் சொல்ல மாட்டோம், பொட்டு வைக்கவோ அழிக்கவோ மாட்டோம், பெத்தவங்க வேணாம்னு எழுதுன சாப்பாட்ட குடுக்க மாட்டோம். அப்புறம் "நீங்களும் கூட வாங்க"ன்னு கூப்பிடுங்க. பாதி சண்ட அங்கயே முடிஞ்சிடும். ஒரு அப்பா பத்து நிமிஷம் போன்ல கத்துனவர், கூட வந்து, சாப்பிட்டு, ரெண்டாவது ரொட்டி வாங்கி, கடைசில ஆபீசுக்கு லேட்டாயிடுச்சுன்னு ஓடுனார். எல்லாரும் அப்படி மாறிடுவாங்கன்னு சொல்லல, அனுப்பவே மாட்டேன்னவங்களும் உண்டு. அந்தப் பிள்ளைய அன்னைக்கு ஒத்தையா உக்கார வைக்காம பக்கத்து செக்‌ஷன்ல ஏதாவது ஜாலியான வேலைல சேத்து விடுங்க, அதுகிட்ட காரணம் கேக்காதீங்க.

ஃபேன்சி டிரஸ், 'வேற்றுமையில் ஒற்றுமை' டே போதாதா?

மீசை வரஞ்சு, அட்டைல வாள் செஞ்சு, "நான் பஞ்சாப்லேர்ந்து வரேன், பல்லே பல்லே". நல்லா இருக்கும், போட்டோவும் அழகா வரும். ஆனா அதே கிளாஸ்ல நெஜமாவே ஒரு சீக்கியப் பையன் இருந்தா, அவனோட தலப்பா மத்தவனுக்கு வேஷம் ஆயிடுச்சுல்ல, அவனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அது ஒப்பல, அவ்ளோதான்.

பழங்குடி கிராமம், அநாத ஆசிரமம், குடிசைப் பகுதி, இங்கெல்லாம் கூட்டிட்டுப் போலாமா?

பிஸ்கட் பாக்கெட் குடுத்து கைதட்டி போட்டோ எடுத்துட்டு வர்றதுக்கா? வேணாம். நம்ம பசங்க குடுக்குற இடத்துலயும் அவங்க வாங்குற இடத்துலயும் இருந்தா, பசங்க கத்துக்கறது நான் ஒசத்தின்னுதான்.

ஊட்டி டூர்ல தோடர் பழங்குடி மக்களோட மந்துக்கு (குடியிருப்புக்கு) முன்னாடி வேன நிறுத்தி, அர வட்டமா இருக்கற அந்த வீட்டு வாசல்ல நின்னு செல்ஃபி எடுக்கறாங்க. அது அவங்க குடியிருக்கற வீடு. முன்கூட்டி பேசி, அவங்களே வாங்கன்னு சொன்னா போங்க. அவங்க எம்பிராய்டரி போடுறத ஒரு அம்மா பக்கத்துல உக்காந்து பாக்க முடிஞ்சா அருமை. வெள்ளத் துணில செவப்பு, கருப்பு நூல்ல துணிய அச்சு குத்தாம கண்ணாலயே இழை எண்ணிப் போடுவாங்க, பசங்க வாயப் பொளந்துடும்.

நாங்க சின்ன ஊர்ல இருக்கோம், இதெல்லாம் எங்க போக?

உங்களுக்குத்தான் ஈசி. நாகப்பட்டினம் பக்கம்னா நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் பக்கத்து பக்கத்துல. நாகூர்ல இருக்கறதுலயே ஒசரமான மினார், 131 அடி, அத கட்டிக் குடுத்தது தஞ்சாவூர் மராத்திய ராஜா பிரதாப் சிங். ரெண்டையும் வேற வேற நாள் போங்க, அந்த ஆட்டுக் கதைய மறக்காதீங்க! தரங்கம்பாடில 1620ல டென்மார்க்காரன் கட்டுன கோட்ட. மதுரைல சௌராஷ்ட்ரா நெசவுக்காரங்க வீடு, திண்டிவனம் பக்கம் மேல்சித்தாமூர்ல தமிழ்ச் சமணர் மடம், பொழுது சாய்ஞ்சப்புறம் சாப்பிடாதவங்க, தலமொற தலமொறயா தமிழ் பேசுறவங்க. இது எதுவுமே பக்கத்துல இல்லையா, உங்க தெருமுன டீக்கடைல ஒடியா தம்பி டீ ஆத்துறான்ல, கட ஓய்வா இருக்கற நேரம் பாத்து அவன்கிட்ட அவன் ஊர்ல 'தண்ணி'க்கு என்ன சொல்லுவீங்கன்னு கேக்க வைங்க. அதுவும் ட்ரிப்புதான், செலவு இருவது டீ.

பாதுகாப்பு, வாந்தி, பாத்ரூம்?

அஞ்சு பசங்களுக்கு ஒரு பெரியவங்க, கணக்கு கறார். ஐடி கார்டுல ஸ்கூல் போன் நம்பர் தெரியணும், பிள்ளை பேரு வெளில தெரியற மாதிரி போடாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டா யார்கூடயும் போயிடும். பாத்ரூம் எங்க இருக்குன்னு முந்துன நாள் நீங்களே போய் பாத்துட்டு வாங்க. வேன்ல பிளாஸ்டிக் கவர், எலுமிச்சம்பழம், ஒரு செட் மாத்து டிரஸ். மே, ஜூன்ல போகாதீங்க, கருங்கல் தரைல வெறுங்கால் கொப்பளிச்சுடும். வேர்க்கடல அலர்ஜி இருக்கற பிள்ளை லிஸ்ட் உங்க கையில.

திரும்பி வந்தப்புறம் கட்டுர எழுத வைக்கணுமா?

ஆறு வயசுல கட்டுரயா, விடுங்க. படம் வரையச் சொல்லி அத பாத்தவங்களுக்கே அனுப்புங்க. அதோட நிறுத்தாதீங்க, முன்னாடி சொன்னேன்ல, விருந்துன்னா திரும்பக் கூப்பிடணும். அந்த குருத்வாரா பெரியவர எங்க ஸ்கூல் பொங்கலுக்குக் கூப்பிட்டோம். வெள்ளக் குர்தா, நீலத் தலப்பா, கைல ஒரு டப்பா லட்டோட வந்தார். கேட்லயே நின்னுட்டு, "செருப்ப எங்க கழட்டணும்"னு கேட்டார். அவர்கிட்ட தலைவலியான்னு கேட்ட அதே பையன் ஓடிப்போய் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, பான பொங்குறப்ப எப்படிக் கத்தணும்னு அவருக்கு ரெண்டு தடவ சொல்லிக்குடுத்தான். மூணாவது தடவ அவர் சரியா கத்துனார், இவன் திரும்பி என்னப் பாத்து, "மிஸ், தாத்தாவுக்கு வந்துடுச்சு"ன்னான்.